கோர்பான் வீட்டு மூக்கு

என் மனைவி பரஸ்து இறந்து ஓராண்டு முடிந்த வெள்ளிக்கிழமை, சொந்தக்காரர்கள் எனக்கு ஒரு சட்டை கொண்டுவந்தார்கள். வெளிர்மஞ்சள். துக்கத்துக்குப் போட்ட கறுப்பைக் கழற்ற வைப்பதற்கான சட்டை. மாமியாரின் அக்கா அதை என் முதுகில் வைத்து அளவு பார்த்தாள். நான் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுநாளும் கறுப்போடுதான் தேயிலை ஆலைக்குப் போனேன்.

நான் இந்த ஊர் இல்லை, ஸஞ்சான்காரன். வேதியியல் படித்துவிட்டு லாஹிஜான் மலையடிவாரத்தில் இந்த ஆலையின் பரிசோதனை அறைக்கு வந்தவன். பரஸ்துவைக் கட்டிய பிறகு மாமனார் வீட்டு மாடியறையில் குடியேறினோம். மூடுபனியில் அவள் போன மினிபஸ் சராவான் சாலையில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு விரிப்பில் எனக்கு ஒரு தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமனார் கோர்பான் தோட்டங்களிலிருந்து கொழுந்துச் சாக்குகளை ஏற்றிவரும் நீலநிற வண்டியை ஓட்டுகிறார். அவருடைய மூக்கு புருவ நடுவில் தொடங்கி, பாதியில் எலும்பு மேடாக எழும்பி, பிறகு நுனி உதட்டைப் பார்த்து வளையும். திருப்பத்தில் முதலில் மூக்கு வரும், பிறகு வண்டி வரும் என்பார்கள். அதே மூக்குதான் இரண்டு பெண்களுக்கும். பரஸ்துவுக்கும், அவளைவிட இரண்டு வயது இளைய தராவத்துக்கும்.

தராவத்துக்கு ஆலையில் சிவப்பறையில் வேலை. உருட்டிய கொழுந்தைத் தட்டுகளில் பரப்பிச் சிவக்கவிடும் அறை அது. சுவரெல்லாம் ஈரம். முதலில் அரிந்த புல்லின் வாசனை இருக்கும். கொஞ்சநேரத்தில் அது மாறிப் பழுத்த ஆப்பிள் வாசனை வரும். அந்த நேரத்தில் எடுத்து உலர்த்தும் அடுப்புக்குத் தள்ள வேண்டும். தாண்டிவிட்டால் புளித்துப்போகும், அந்த ஈடு முழுக்க வீண். நிறத்தை நம்ப முடியாது, மேகம் போட்ட நாளில் எல்லாமே சிவப்பாகத் தெரியும். தராவத் தட்டுக்கு மேல் குனிவாள். "இன்னும் இல்லை" என்பாள், இல்லாவிட்டால் "எடு" என்பாள். அடுப்படியில் நிற்கும் ஹைதர் எடுப்பான். ஐந்து வருடத்தில் ஒரு ஈடுகூட அவள் கையில் கெட்டதில்லை.

வசந்தக் கொழுந்து தொடங்கிய வாரம். தகரக் கூரையில் மழை. விரிப்பில் சோறு, புகைபோட்ட மீன், வெந்தயக்கீரையும் முட்டையும் போட்ட அவரைக் குழம்பு, பச்சைப் பூண்டு. தராவத் பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மூக்கு பண்ணிக்கப் போறேன்."

மாமியார் கோல்நிசாவின் கை கரண்டியோடு நின்றது. "என்னடி பண்ணப் போறே?"

"எல்லாரும் பண்றதைத்தான்."

"எல்லாரும்னா யாரு?"

"பேக்கரி மெஹ்ரி. ஸ்கூல் பெரிய டீச்சர். மசூதியில ஓத வைக்குற அம்மா. ஹைதர் பொண்டாட்டி. இந்த மலையிலேயே நான்தான் பாக்கி."

"ஹைதர் பொண்டாட்டி பண்ணிக்கல" என்றார் கோர்பான். "பிளாஸ்திரி மட்டும் ஒட்டிக்கிட்டா. ரெண்டு வருஷமா ஒட்டியிருக்கா. எடுத்தா உள்ளே என்ன இருக்குமோன்னு இப்ப அவளுக்கே பயமா இருக்காம்."

"அப்பா, விளையாட்டு இல்ல."

"என் பொண்ணு மூஞ்சி ஒண்ணு மண்ணுக்குள்ள போச்சு" என்றாள் கோல்நிசா. "இன்னொண்ணைக் கத்திக்குக் குடுக்க மாட்டேன்."

"இது என் மூஞ்சிம்மா."

"உன் மூஞ்சியா? மூக்கு உங்கப்பனோடது."

"சரி, அப்ப அவர்கிட்டயே கேக்கறேன். அப்பா, உங்க மூக்கை வெட்டிக்கவா?"

கோர்பான் மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கி எடுத்தார். "எனக்கு ஒண்ணு இருக்கு. போதும்."

தராவத் சிரிக்கவில்லை. "நேத்து பஜார்ல ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுது. அக்காவோட படிச்ச யாரோட அம்மாவோ. மீன்கடை வாசல்ல பத்து நிமிஷம் நின்னு அழுதுது. கடைசிவரைக்கும் என் பேரைக் கேக்கல. நீ மட்டும் என்னம்மா? நான் வாசல்ல நுழையறப்ப எல்லாம் உன் முகம் ஒரு மாதிரி போகுது. அப்புறம் நான்தான்னு தெரிஞ்சதும் இன்னொரு மாதிரி போகுது."

கோல்நிசா தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு."

நான் தராவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. மேட்டின் நிழல் கன்னத்தில் விழுந்திருந்தது. ஓராண்டாக அந்த இடத்தில்தான் உட்கார்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய வலப்பக்கம் தெரியும்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கோல்நிசாவே ஒரு வழியோடு வந்தாள். பேக்கரியில் கேட்டுவந்தாளாம். "வெட்டாம ஊசியில பண்றாங்களாம். ஏதோ ஜெல்லாம். அதுன்னா எனக்குச் சம்மதம்." தராவத் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன்தான் வேண்டும் என்றாள். வீட்டில் ஒரு வாரம் இதுவே பேச்சு. கடைசியில் ராஷ்ட் நகரத்து டாக்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வது என்றாயிற்று. கூட நான் போக வேண்டும். கேட்டு வந்து, எது நல்லது என்று நான் சொல்வதுதான் முடிவு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை வழக்கம்போலக் கல்லறைக்குப் போனோம். கோல்நிசா அல்வாத் தட்டை வந்து போகிறவர்களுக்கு நீட்டினாள். நான் கல்லைக் கழுவி ரோஜாநீர் தெளித்தேன். கறுப்புக் கல்லில் பரஸ்துவின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். புருவம், கண், வாய் எல்லாம் அவளுடையவை. மூக்கு நேராக, சிறியதாக இருக்கும்.

அது செதுக்கியவன் தவறில்லை. அவன் போட்டோவைப் பார்த்துச் செதுக்கினான். போட்டோவை நான் கொடுத்தேன். கல்யாண ஆல்பத்துப் போட்டோ. ஆல்பம் தயாரானபோது ஸ்டுடியோக்காரன் எங்கள் இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, "மணப்பொண்ணு மூக்கைக் கொஞ்சம் சரிபண்ணிடவா? எல்லாருக்கும் பண்றதுதான்" என்று கேட்டான். பரஸ்து என்னைப் பார்த்தாள்.

நான், "கொஞ்சம்" என்றேன்.

அவன் மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். மேடு போய்விட்டது. பரஸ்து, "நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. அவள் போன் அவளோடு பஸ்ஸில் நசுங்கியது. என் போனில் இருந்தவை அவள் சமைத்தவை, மழை, பக்கத்து வீட்டுப் பூனை. அவள் முகத்தை நான் அதிகம் எடுத்ததில்லை. இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

ராஷ்டுக்குக் கிளம்பும் காலையில் கோல்நிசா முட்டிவலி என்று சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." பிறகு மகளை வாசலில் நிறுத்தி, "அங்க நாலு பேர் முன்னாடி அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுட்டு நிக்காதே" என்றாள்.

"ஏன்? அண்ணனை அண்ணான்னு கூப்பிடாம ஆட்டுக்குட்டின்னா கூப்பிடுவாங்க?"

"சொன்னதைக் கேளு."

கல்யாணமான நாளிலிருந்தே தராவத் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பெண்டாட்டியை இழந்தவனுக்கு அவள் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கம் நடக்கிற காரியம். ஓராண்டு முடிந்தால் பேச்சை எடுப்பார்கள். தராவத் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி, "போலாமா அண்ணா" என்றாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் மூக்கில் பிளாஸ்திரி. ஒரு பையன் இரண்டு கண்ணுக்குக் கீழும் நீலம் பாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அவனுக்கு உறிஞ்சுகுழலில் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரி போட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போடாதவர்கள் குனிந்து இருந்தோம்.

உள்ளே போனதும் தராவத்தைப் போட்டோ எடுக்க அடுத்த அறைக்கு அழைத்துப்போனார்கள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ஒய்ஃபுக்கு என்ன வேலை?"

நான் திருத்தியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. "தேயிலை ஆலையில. வாசனை பாக்குற வேலை" என்றேன்.

"அப்ப நிதானமா முடிவு பண்ணணும். ரெண்டு வழி இருக்கு. ஜெல் ஊசி ஒண்ணு. அது எதையும் குறைக்காது, தெரிஞ்சுக்குங்க. மேட்டுக்கு மேலயும் கீழயும் இருக்குற பள்ளத்தை ரொப்பும். பக்கவாட்டுல பாத்தா நேரா இருக்கும். எதிர்ல நின்னு பாத்தா மூக்கு முன்னைவிடப் பெருசாத்தான் தெரியும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல கரைஞ்சிடும். ஆபத்தே இல்லைன்னும் இல்ல. ஊசி ரத்தக்குழாய்ல இறங்கிட்டா தோல் செத்துடும், கண்ணே போகலாம். அபூர்வம்தான். இவங்க மூக்குக்கு நான் ஜெல் போட மாட்டேன்."

"ஆபரேஷன்?"

"எலும்பைச் சீவி ஒடுக்கணும். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும். ஆரம்பத்துல மூக்கு அடைச்சிருக்கும், வாசனை போயிடலாம். சில வாரத்துல, மிஞ்சிப்போனா சில மாசத்துல, அநேகமா எல்லாருக்கும் திரும்பிடும். எழுதிக் குடுக்க முடியாது. கொழுந்து இல்லாத குளிர்காலத்துல வந்தீங்கன்னா வேலைக்கும் பாதகமில்ல."

ஒரு பெண் கதவைத் திறந்து, ஆபரேஷன் தியேட்டரில் தயார் என்றாள். டாக்டர் எழுந்தார். "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. புருஷன் சொன்னாத்தான் பயமில்லாமக் கேப்பாங்க."

"சரி" என்றேன்.

தராவத் திரும்பி வந்தபோது உதவிக்காரப் பெண் திரையைக் காட்டினாள். இடப்பக்கம் இப்போதைய மூக்கு, வலப்பக்கம் ஆபரேஷனுக்குப் பின் வரப்போவது. தராவத் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த முகம் தெரியும். வியாழக்கிழமைதோறும் கழுவுகிறேன்.

திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன அண்ணா சொன்னாரு?"

"ஆபரேஷன் பண்ணா வாசனை போயிடலாம்னார்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "திரும்பி வருமா?"

நான் கியரை மாற்றினேன். "எழுதிக் குடுக்க முடியாதுன்னார்."

இரண்டும் டாக்டர் சொன்ன வாக்கியங்கள்தான். நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டேன்.

"ஜெல்?"

"வெட்டு இல்ல. கால்மணி நேரம். பக்கத்துல இருந்து பாத்தா நேரா இருக்கும். பிடிக்கலைன்னா கரைஞ்சிடும்."

"ஆபத்து ஏதாவது?"

"அபூர்வம்னார்."

ஜன்னல் கண்ணாடியில் அவள் விரல் ஏதோ வரைந்தது. மேடு வரும், நேராகும். "சிவப்பறை இல்லாம நான் என்ன அண்ணா பண்ணுவேன்? சாக்கு தைக்கப் போகணும்" என்றாள். "சரி. ஜெல்லே போட்டுக்கறேன்."

அன்று விரிப்பில் கோல்நிசா எனக்கு மீனின் நடுத்துண்டை வைத்தாள். "படிச்ச பிள்ளை ஒருத்தன் வீட்டுல இருந்தா இதுதான்" என்றாள். நான் சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் லாஹிஜானிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். நான் வெளியே காத்திருந்த நேரம் முழுக்க உள்ளே யாராவது கத்துகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் வந்தது. பக்கவாட்டில் மேடு காணோம். ஆலையில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஹைதர் அடுப்படியிலிருந்து, "பிளாஸ்திரி இல்லாம மூக்கு பண்ணா யாரு நம்புவா தராவத்? என் பொண்டாட்டிகிட்ட மிச்சம் இருக்கு, ஒரு சுருள் தரச் சொல்றேன்" என்றான்.

"அவளுக்கே பத்தாது. வெச்சுக்கட்டும்."

"இன்ஜினியர், நீங்களும் ஒண்ணு பண்ணிக்கலாமே." இங்கே படித்தவன் எல்லோரும் இன்ஜினியர்தான்.

"அவரு மூக்கு சின்னது. அதுல பண்ண ஒண்ணும் இல்ல" என்றாள் தராவத். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சாப்பிடும்போது அவளுடைய வலப்பக்கம் எனக்கு அந்நியமாகிவிட்டது. நான் மாதம் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு. சிலருக்குப் பதினெட்டு என்றார்கள். கரைந்ததும் மேடு திரும்ப வரும். அது வரைக்கும் இங்கே இருப்பேன் என்று என்னை அறியாமல் முடிவு செய்திருந்தேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

கோடையில் கோல்நிசாவின் அக்கா மகனுக்குக் கல்யாணம். தராவத் பச்சை உடை தைத்துப் போட்டிருந்தாள். போட்டோ வந்தபோது அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தாள். எதிரே நின்று எடுத்த படம். மூக்கு அகன்று, தடித்து, முகத்தின் நடுவில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கும் இரண்டு கிழவிகள் அவளைப் பரஸ்து என்றுதான் கூப்பிட்டார்களாம். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தனியாக ராஷ்டுக்குப் போய்வந்தாள்.

மறுநாள் காலை பரிசோதனை அறையின் கண்ணாடியைத் தட்டினாள். நான் அவள் பின்னால் சிவப்பறைக்குப் போனேன். தட்டுகளில் அப்போதுதான் பரப்பியிருந்த கொழுந்து. புல் வாசனை. உருட்டும் எந்திரத்தின் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது.

"நேத்து டாக்டர் என் ஃபைலைத் தொறந்தாரு. 'இதெல்லாம் உங்க புருஷன்கிட்ட அன்னைக்கே விவரமாச் சொன்னேனேம்மா, அப்புறம் ஏன் ஜெல் போட்டுக்கிட்டீங்க'ன்னாரு. எந்தப் புருஷன்னு கேட்டேன். கூட வந்தாரே, கறுப்புச் சட்டைன்னாரு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாசனை எல்லாருக்கும் திரும்பிடும்னு சொன்னாராமே. குளிர்காலத்துல பண்ணா வேலைக்கும் ஒண்ணுமில்லைன்னு சொன்னாராமே."

"அநேகமா எல்லாருக்கும்னார்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் ஒரு கொழுந்தை எடுத்து விரலில் உருட்டினேன்.

"புருஷன்னு அவரு சொன்னப்ப ஏன் இல்லைன்னு சொல்லல? எங்கம்மா மனசுல இருக்குறது உங்க மனசுலயும் இருக்கா?"

"இல்ல. சத்தியமா இல்ல தராவத்."

"தெரியும்" என்றாள். "அப்படி இருந்திருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் கௌரவமா இருந்திருக்கும். நீங்க ஒரு வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடறீங்க. ஒரு நாள்கூட என்னைப் பாத்ததில்ல. மூக்கைப் பாக்கறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? தெரிஞ்சுதான் அந்தப் பக்கமாவே உக்காந்தேன். பாவம், பாத்துட்டுப் போகட்டும்னு."

அவள் கொழுந்தைக் கையால் கிளறிவிட்டாள். கை தானாக வேலை செய்தது.

"ஸ்டுடியோவுல நீங்க 'கொஞ்சம்'னு சொன்னீங்களே, அன்னைக்குச் சாயங்காலம் அக்கா கீழே எறங்கி வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டா. சொன்னா. அழல. சிரிச்சா. எனக்கும் மூக்கு பண்ணிக்க ஆசை இருந்துதுடி, இனிமே பண்ணிக்க மாட்டேன், பண்ணிக்கிட்டா அவருக்காகப் பண்ணிக்கிட்ட மாதிரி ஆயிடும், நீ பண்ணிக்கோன்னா."

எந்திரம் நின்றது. சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ இருந்தப்ப போட்டோவுல நேராக்கினீங்க. செத்தப்புறம் கல்லுல நேராக்கினீங்க. இப்ப என் மூஞ்சியில மட்டும் அப்படியே இருக்கணுமா?"

ஹைதர் எட்டிப் பார்த்து, "என்ன, ஆயிடுச்சா?" என்றான்.

அவள் குனிந்து முகர்ந்தாள். "இன்னும் இல்ல" என்றாள். அவன் போனதும் நிமிர்ந்தாள். "இந்த சீசன்லயே பண்ணிக்கப் போறேன். குளிர்காலம் வரைக்கும் விட்டா அம்மா அழுது மாத்திடுவா, நீங்க படிச்சுப் பேசி மாத்திடுவீங்க. முதல்ல ஜெல்லைக் கரைக்க ஒரு ஊசி. ரெண்டு நாள்ல பழைய மூக்கு வந்துடுமாம். அப்புறம் மூணு வாரம் ஆறவிட்டு ஆபரேஷன். மூணு வாரம் அந்த மூக்கு இருக்கும். பாத்துக்குங்க."

அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. நான் செய்ததை வீட்டிலும் சொல்லவில்லை. டாக்டரை மறுபடி கேட்டேன், ஆபரேஷன்தான் சரி என்றார் என்று மட்டும் சொன்னாள். கோல்நிசா என்னைப் பார்த்தாள். "ஆமாம்" என்றேன். "அவர் அன்னைக்கும் அதைத்தான் சொன்னார். நான்தான் சரியாச் சொல்லல."

"பிள்ளைக்கு மனசு சரியில்லாத நேரம். காதுல சரியா விழுந்திருக்காது" என்றாள் கோல்நிசா. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் மேடு திரும்பி வந்திருந்தது. தராவத் பழைய இடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், வலப்பக்கம் தெரிய உட்கார்ந்தாள். எனக்கு ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். மூன்று வாரமும் அப்படியே. நான் நிமிரவில்லை. சோற்றுப் பருக்கை, மீன் முள், விரிப்பில் அச்சடித்த பூ, இவைதான் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கழுத்து நிமிராது.

கடைசி நாள் கோல்நிசா சாப்பிடவே இல்லை. மகள் முகத்தைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேட்டைப் பெருவிரலால் தடவினாள்.

"இந்த மூஞ்சியில ரெண்டு பேரையும் பாத்துக்கறேன்டி. எனக்கென்ன வெக்கம்" என்றாள்.

"பாத்துக்கோம்மா" என்றாள் தராவத்.

கோர்பான் எழுந்துபோய் வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு மழை இல்லை.

ஆபரேஷனுக்குக் கோர்பானும் கோல்நிசாவும் கூடப் போனார்கள். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

பதினாறாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே மஞ்சள் பாய்ந்திருந்தது. மூக்கில் பிளாஸ்திரி. இலையுதிர்காலக் கொழுந்து வந்து குவிந்துகொண்டிருந்தது. இரண்டு வாரமாக வேறொருத்தி சிவப்பறையைப் பார்த்தாள், மூன்று ஈடு புளித்துப்போயிருந்தது. இன்றைக்கே சரியாக எடுக்காவிட்டால் ஆலைக்காரர் அந்த வேலையையே வெளியூர் ஆள் யாருக்காவது கொடுத்துவிடுவதாக இருந்தார். தராவத்துக்கு அது தெரியும்.

மதியத்துக்கு முன்னால் கண்ணாடியைத் தட்டினாள். நான் போனேன். சிவப்பறையில் தட்டுகள் சிவந்துகொண்டிருந்தன. வெளியே மேகம். நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றாள். மூச்சை வாயால் விட்டாள். "சுண்ணாம்புச் சுவரை மோந்து பாக்குற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு மாசம் ஆகும்னாரு டாக்டர். அதுவரைக்கும் எனக்கு ஒரு மூக்கு வேணும். ஹைதர்கிட்ட கேட்டா ஊரெல்லாம் சொல்லிடுவான்."

நான் அசையவில்லை.

"என்ன வாசனை வருதோ அதைச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. எதையும் எடுத்துடாம."

நான் தட்டுக்கு மேல் குனிந்தேன். ஐந்து வருடமாக இந்த ஆலையில் ஈரத்தை அளந்து எழுதுகிறேன். ஒரு தடவைகூட இப்படிக் குனிந்ததில்லை. ஆவி முகத்தில் அடித்தது.

"புல்" என்றேன்.

"வேற?"

"ஈரத்துணி மாதிரி. அதுக்கு அடியில ஏதோ இருக்கு. என்னன்னு தெரியல."

"தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க."

"தெரியல."

"சரி. இருங்க."

நின்றோம். ஹைதர் வந்து வாசலில் சாய்ந்தான். "என்ன தராவத், இன்ஜினியரைத் தட்டுல போட்டுச் சிவக்க விடறியா? அடுப்பு சும்மா எரியுது."

"எரியட்டும்."

நான் மறுபடி குனிந்தேன். புல் கொஞ்சம் பின்னால் போயிருந்தது. மறுபடி. பூ மாதிரி ஒன்று, உடனே காணாமல் போயிற்று. அதையும் சொன்னேன். அவள் தலையசைத்தாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து மொத்தமும், அவளுடைய ஐந்து வருடமும் நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருந்தன. தவறாகச் சொன்னால் அவளுக்குத் தெரியவும் வராது, நாளைக்குக் கோப்பையில் ஊற்றும் வரை.

நான்காவது தடவை குனிந்தபோது வந்தது. குளிர்காலத்தில் பரஸ்து படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டியில் ஆப்பிள் வைப்பாள். ஒன்று அழுகுவதற்கு முந்தைய நாள் வீடு முழுக்க அந்த வாசனை இருக்கும்.

அதைத் தராவத்திடம் சொல்லவில்லை. அது கொழுந்தைப் பற்றியது இல்லை.

நிமிர்ந்து முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தேன். பிளாஸ்திரியின் ஒரு முனை ஆவியில் நனைந்து பிரிந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கண்கள், தூக்கமில்லாதவை, பயந்தவை. பரஸ்துவுக்கு அந்தக் கண்கள் கிடையாது.

"ஆப்பிள்" என்றேன். "இப்ப."

அவள் என்னை மறுபடி கேட்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "எடு" என்றாள்.